ரயிலில் ஏறட்டும் விண்மீன்கள்

"உங்கள் நட்சத்திரம் என்ன?" என்று யாராவது கேட்டால் நம்மில் பலர் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவோம். சித்திரை, சுவாதி, கேட்டை, திருவோணம் என்று அம்மா சொல்லிக் கொடுத்த பெயர் நாக்கு நுனியில் இருக்கும். கோவிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போதெல்லாம் அதைச் சொல்லித்தானே வளர்ந்திருக்கிறோம்! ஆனால், "அந்த நட்சத்திரத்தை வானத்தில் பார்த்திருக்கிறீர்களா?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். கேட்டவரையே நாம் விசித்திரமாகப் பார்ப்போம். பெயர் நம்மிடம் இருக்கிறது. அந்தப் பெயருக்கு உரிய விண்மீன் எங்கே நிற்கிறது என்பது மட்டும் தெரியாது.

இந்தக் கட்டுரைக்கு வித்திட்டது 2019 டிசம்பர் 26ஆம் தேதி. அன்று சிங்கப்பூரில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. காலை 11.27க்குத் தொடங்கி, பிற்பகல் 1.24க்கு உச்சத்தை எட்டி, 3.18க்கு முடிந்தது. கோயம்புத்தூர், திண்டுக்கல், இலங்கையின் வடபகுதி என்று தமிழர் வாழும் ஊர்களைத் தொட்டுக்கொண்டு கடல் தாண்டி வந்த அதே நிழல்தான் நம் தலைக்கு மேலும் போனது. நான் சிறப்புக் கண்ணாடியுடன் கீழே இறங்கத் தயாரானேன். பாட்டி சன்னல் திரைகளை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. "வெளிய போகாத தம்பி, ராகு பிடிச்சிருக்கு" என்றார்.

நான் இயற்பியல் படிப்பவன். கிரகணம் எப்படி ஏற்படுகிறது என்று ஆங்கிலத்தில் அரை மணி நேரம் பேசச் சொன்னால் பேசுவேன். ஆனால் பாட்டியின் முன்னால் நின்றபோது எனக்கு வாய் வரவில்லை. நிலாவின் சுற்றுப்பாதை சாய்ந்திருக்கிறது என்பதை எப்படிச் சொல்வது? நிலா அன்று பூமியிலிருந்து சற்றுத் தள்ளி இருந்ததால் சூரியனை முழுதாக மறைக்க முடியாமல் ஒரு வளையத்தை விட்டுவைக்கிறது என்பதை எந்தச் சொற்களால் விளக்குவது? "அதெல்லாம் ஒன்னுமில்ல பாட்டி, சும்மா நிழல்தான்" என்று சொல்லிவிட்டு மின்தூக்கியை நோக்கி ஓடினேன். சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, மருந்து போட்டீர்களா என்று கேட்பதற்கு மட்டுமே என் தமிழ் போதுமாக இருந்தது. பத்து ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் தமிழ் படித்தவனின் நிலை இது.

பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். அவரோடு பெருவிரைவு ரயிலில் தேக்காவுக்குப் போனால் ஒன்றைக் கவனிக்கலாம். தமிழில் எழுதியிருக்கும் எதையும் அவர் விடமாட்டார். கதவருகே உள்ள எச்சரிக்கை, அவசர காலத்தில் செய்ய வேண்டியவை என எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டி வாசிப்பார். வாசித்து முடித்ததும் அடுத்து என்ன இருக்கிறது என்று கண்கள் தேடும். வேறு எதுவும் இருக்காது. பொது இடத்தில் நம் தமிழ் பெரும்பாலும் என்ன பேசுகிறது? "செய்யாதீர்கள்", "கவனமாக இருங்கள்", "தண்டனை விதிக்கப்படும்". நாட்டின் அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று நம்மை எச்சரிக்க மட்டுமே வாய் திறக்கிறது. வியப்பூட்டும் ஒரு செய்தியைச் சொல்ல அதற்கு ஏன் இடம் கிடைக்கக் கூடாது?

என் கருத்து இதுதான். நம் ரயில்களிலும் பேருந்துகளிலும் நிலையங்களிலும் வானியல் சுவரொட்டிகள் வர வேண்டும். நான்கு மொழிகளிலும் வர வேண்டும். அவற்றில் தமிழ்ச் சுவரொட்டி ஆங்கிலத்தின் நிழலாக இல்லாமல், தமிழிலேயே சிந்தித்து எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். இதைத் தொடங்கிவைக்க நம்மைப் போன்ற பல்கலைக்கழகத் தமிழ் அமைப்புகளே தகுந்தவை.

ரயில் பாடம் நடத்துமா என்று ஐயப்படுகிறவர்களுக்கு ஒரு சான்று. "பெர்ஹாத்தி-ஹாத்தி டி ருவாங் பிளாட்ஃபார்ம்" என்ற மலாய் அறிவிப்பு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? மலாய் மொழியை ஒருநாளும் படிக்காத என் சீன நண்பர்கள்கூட அதை அச்சுப் பிசகாமல் சொல்வார்கள். யாரும் அவர்களை உட்காரவைத்துக் கற்பிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் காதில் விழுந்தது, மனத்தில் ஒட்டிக்கொண்டது. காதுக்கு இது நடக்குமென்றால் கண்ணுக்கும் நடக்கும். லண்டன் சுரங்க ரயில்களில் 1986ஆம் ஆண்டு முதல் விளம்பரங்களுக்கு நடுவே கவிதைகளை வைத்தார்கள். கலிலியோ தொலைநோக்கியை வானத்தை நோக்கித் திருப்பிய 400ஆம் ஆண்டை ஒட்டி, 2009ஆம் ஆண்டு அனைத்துலக வானியல் ஆண்டாகக் கொண்டாடப்பட்டபோது டொராண்டோ நகரின் பொதுப் போக்குவரத்து வாகனங்களில் வானியல் விளம்பரங்கள் இடம்பெற்றன. தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் நகரம் அது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

"சிங்கப்பூரில் நட்சத்திரமே தெரியாதே! தெரியாத ஒன்றுக்கு எதற்குச் சுவரொட்டி?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 2016ஆம் ஆண்டு வெளியான உலக ஒளிமாசு வரைபட ஆய்வில், ஒளிமாசு மிக அதிகமுள்ள நாடாகச் சிங்கப்பூர் குறிப்பிடப்பட்டது. நம் கண்கள் இருட்டுக்கு முழுமையாகப் பழகிக்கொள்ள முடியாத அளவுக்கு இங்கே இரவு வெளிச்சமாக இருக்கிறது. ஆனால் அதனாலேயே சுவரொட்டி தேவை என்பேன். வானத்தில் ஆயிரக்கணக்கான விண்மீன்கள் கொட்டிக் கிடக்கும் ஊரில் யாரும் நிமிர்ந்து பார்க்கச் சொல்ல வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து மட்டுமே தெரியும் ஊரில்தான், "அதோ, அது இன்னது" என்று சொல்ல ஆள் வேண்டும்.

அந்தப் பத்துப் பதினைந்தில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ரோகிணி, திருவாதிரை, புனர்பூசம், மகம், சித்திரை, சுவாதி, கேட்டை, திருவோணம் ஆகிய எட்டு நட்சத்திரங்களும் வானத்தின் மிகப் பிரகாசமான விண்மீன்களின் வரிசையில் வருபவை. மேகம் மட்டும் வழிவிட்டால் வீவக அடுக்குமாடிகளுக்கு இடையிலிருந்தும் இவற்றைப் பார்க்கலாம். ஆண்டின் தொடக்கத்தில் மாலையில் தெற்கே மின்னும் அகத்தியர் விண்மீனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே முதல் சுவரொட்டியின் தலைப்பை நான் முடிவு செய்துவிட்டேன்: "உங்கள் நட்சத்திரம் இங்கே இருக்கிறது." நிலா வானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வர ஏறத்தாழ 27.3 நாள் ஆகிறது. அதனால் அதன் பாதையை நம் முன்னோர் 27 பகுதிகளாகப் பிரித்தார்கள். நாம் பிறந்த நேரத்தில் நிலா எந்தப் பகுதியில் நின்றதோ அதுவே நம் நட்சத்திரம். ஜாதகத்தை நம்புகிறவருக்கும் நம்பாதவருக்கும் இந்த வானியல் உண்மை பொது. கூடவே இரண்டு வரிகள் போதும். திருவோணத்தின் ஒளி நம்மை வந்து சேர ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே தொடக்கக் கல்லூரி மாணவர் ஒருவர் இன்று காணும் ஒளி, அவர் பிறந்த காலத்தில் புறப்பட்டது. சுவாதியின் ஒளிக்கு ஏறத்தாழ 37 ஆண்டுகள். சிங்கப்பூரில் பெருவிரைவு ரயில் முதன்முதலாக ஓடத் தொடங்கியது 1987 நவம்பர் 7இல். அந்தக் காலத்தை ஒட்டிக் கிளம்பிய ஒளிதான் இப்போது வந்து சேர்கிறது. ரயிலில் நின்றுகொண்டு இதைப் படிப்பவருக்கு ஒளியாண்டு என்றால் என்ன என்று தனியாக வரையறை சொல்லித்தர வேண்டுமா?

இரண்டாவது சுவரொட்டி கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு. "எம் சமுதாயத்தின் விடிவெள்ளியே" என்று எழுதாத தமிழ் மாணவர் உண்டா? அந்த விடிவெள்ளி வெள்ளிக் கோள்தான் என்பதும், சில மாதங்களில் விடியலுக்கு முன் கிழக்கிலும் வேறு சில மாதங்களில் அந்தி சாய்ந்தபின் மேற்கிலும் அதே கோள் தோன்றும் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? "துருவ நட்சத்திரம் போல வழிகாட்டினார்" என்றும் எழுதுகிறோம். வடதுருவ விண்மீன் சென்னையில் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 13 பாகை உயரத்தில் நிற்கும். சிங்கப்பூரிலோ ஒரு பாகையைச் சற்றே தாண்டும். கட்டடமும் மூட்டமும் மறைக்க, அது நம் கண்ணில் படுவதே இல்லை. நமக்கு வழிகாட்டத் தெற்கே சிலுவை வடிவ விண்மீன் கூட்டம் காத்திருக்கிறது. கப்பலேறி வந்தபோது நாம் உவமைகளைக் கொண்டுவந்தோம். இந்த ஊரின் வானத்தை இன்னும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மூன்றாவது, காலை நேர ரயிலுக்கு. தூக்கக் கலக்கத்தோடு ஆறரை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஏன் இன்னும் இருட்டாக இருக்கிறது? நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் ஊரில் ஆறு மணிக்கு அல்லவா விடிய வேண்டும்? காரணம் வானத்தில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. 1982ஆம் ஆண்டு பிறந்தபோது சிங்கப்பூரின் நேரம் மலேசியாவுடன் சேர்ந்து அரை மணி முன்னே நகர்த்தப்பட்டது. அதற்கு முன்பே நம் கடிகாரம் சூரியனை முந்தித்தான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது ஏறத்தாழ ஒரு மணி நேரம் முந்துகிறது. அதனால்தான் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் ஒரு மணி வாக்கில். காலையில் கொட்டாவி விடும் ஒவ்வொருவருக்கும் இந்தச் செய்தி ஆறுதலாக இருக்கும்.

நான்காவதைச் சுவரொட்டி வரிசை என்றே சொல்ல வேண்டும். வடகிழக்கு ரயில் பாதை 2003இல் திறக்கப்பட்டபோது ஹார்பர்ஃபிரண்ட் முதல் பொங்கோல் வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அதைச் சூரியக் குடும்பமாகக் கற்பனை செய்வோம். ஹார்பர்ஃபிரண்டில் சூரியன்; பொங்கோலில் நெப்டியூன். இந்த அளவில் சூரியன் ஆறு மீட்டர் அகலமுள்ள பெரும் பந்து. பூமி எலுமிச்சம்பழ அளவு. புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் ஆகிய நான்கும் ஊட்ரம் பார்க் வருவதற்கு முன்பே சுரங்கத்துக்குள் கடந்துபோய்விடும். வியாழன் சைனாடவுன் பக்கம். வளையங்களோடு சனி நிற்பது ஏறத்தாழ லிட்டில் இந்தியா நிலையத்தில்! யுரேனஸ் சிராங்கூனைத் தாண்டி. 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட பொங்கோல் கோஸ்ட் நிலையத்தை நெப்டியூனுக்கு அப்பாலுள்ள பனிக்கட்டி உலகங்களின் வாசல் என்று வைத்துக்கொள்ளலாம். சூரியனுக்கு அடுத்து மிக அருகிலுள்ள விண்மீன் எங்கே இருக்கும்? அதற்கு ஜொகூரும் போதாது, சென்னையும் போதாது. அது ஏறத்தாழ 180,000 கிலோமீட்டர் தூரத்தில், நிலாவுக்குப் போகும் வழியில் கிட்டத்தட்டப் பாதியில் இருக்கும்.

இதே கணக்கில் ஒளியின் வேகம் என்ன தெரியுமா? சூரிய ஒளி பூமியை அடைய எட்டு நிமிடம் 20 விநாடி ஆகிறது. நம் பாதையில் அது 670 மீட்டர் தூரம். அதாவது ஒரு மனிதன் சாதாரணமாக நடக்கும் வேகம். பேரண்டத்திலேயே மிக வேகமானது நம் அளவுக்குச் சுருங்கினால் கைவீசி நடந்து போகிறது. நெப்டியூனை அடைய அதற்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ரயிலில் நாம் அரை மணிக்குச் சற்றுக் கூடுதலாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறோம்! இந்த ஒரு படத்தைப் பார்த்த குழந்தை பிறகு வானத்தைப் பழைய கண்ணோடு பார்க்காது.

நான்கு மொழிகளிலும் வேண்டும் என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. மீண்டும் திருவோணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓணம் பண்டிகைக்குப் பெயர் தந்த விண்மீன் அது. சீனர்களின் மரபில் அதே விண்மீன், காதலியை ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே சந்திக்கும் மாடு மேய்ப்பவன். ஆங்கிலத்தில் அதை அல்டேர் என்கிறோம். அந்தப் பெயர் பறக்கும் கழுகைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. நோன்பு மாதத்தின் தொடக்கத்துக்குப் பிறையை எதிர்பார்க்கும் மலாய் நண்பர்களுக்கும் வானம் அந்நியம் அல்ல. ஒரே பெட்டியில் பயணம் செய்யும் நாம் ஒரே விண்மீனை வெவ்வேறு பெயர்களால் அழைத்துக்கொண்டிருக்கிறோம். இன நல்லிணக்கத்தைப் பற்றி மேடையில் பேசுவதைவிட இப்படி ஒரு சுவரொட்டி கூடுதலாகச் சொல்லும்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். "எல்லாரும் கைத்தொலைபேசியில் மூழ்கியிருக்கிறார்கள், சுவரை யார் பார்க்கிறார்கள்?" என்பது முதல் மறுப்பு. பார்க்காமலா வணிக நிறுவனங்கள் பணம் கொடுத்து அந்தச் சுவரை வாங்குகின்றன? தவிர, நெரிசல் நேரத்தில் கையை அசைக்க முடியாமல் நிற்கும்போது கண்ணுக்கு வேறு வேலை ஏது? "செலவு?" என்பது அடுத்தது. உண்மைதான், விளம்பர இடம் இலவசமாக வராது. எல்லா ரயில்களிலும் ஒரே நாளில் வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வளாகப் பேருந்து நிறுத்தங்களில் தொடங்கலாம். அங்கே வரவேற்புக் கிடைத்தால் அந்த அனுபவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிலப் போக்குவரத்து ஆணையத்தையும் ரயில் நிறுவனங்களையும் அணுகலாம். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். ஆனால் வடத்தை முதலில் யாராவது கையில் எடுக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்புதான் என்னை மிகவும் சங்கடப்படுத்துவது. "தமிழில் போட்டால் எத்தனை பேர் படிப்பார்கள்?" 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காட்டினர் மட்டுமே. இந்த எண்ணைக் காட்டி "எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நான் அதே எண்ணைக் காட்டி "எப்போது?" என்று கேட்கிறேன். வீட்டில் குறைந்துவரும் மொழிக்கு வெளியில் வேலை கொடுக்காவிட்டால் அது எங்கே போகும்? 2007 முதல் ஏப்ரல் மாதந்தோறும் தமிழ்மொழி விழா கொண்டாடுகிறோம். பேச்சு, கவிதை, நாடகம் என்று அரங்கம் நிறைகிறது, மகிழ்ச்சிதான். ஆனால் அரங்கத்துக்கு வருபவர் ஏற்கெனவே தமிழை நேசிப்பவர். ரயிலில் நிற்கும் 13 வயதுப் பையன் அரங்கத்துக்கு வரமாட்டான். அவன் இருக்கும் இடத்துக்குத் தமிழ் போக வேண்டும். போகும்போது தேர்வுத்தாளோடு போகாமல், ஒரு வியப்போடு போக வேண்டும்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையம் 1913இல் திறக்கப்பட்டது. அதன் கூரையில் தீட்டப்பட்ட வானத்தில் பெரும்பாலான விண்மீன் கூட்டங்கள் இடவலம் மாறிக் கிடக்கின்றன. பொது இடத்தில் செய்யும் பிழை நூறு ஆண்டு கடந்தும் நின்று பேசும். தமிழில் தவறாக அச்சான அறிவிப்புப் பலகைகளைப் பார்த்து நாம் எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறோம்! அறிவியலும் பிழையாகக் கூடாது, தமிழும் பிழையாகக் கூடாது. அதற்கு இரண்டும் தெரிந்தவர்கள் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அப்படிப்பட்டவர்கள் வேறு எங்கும் இல்லை. இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறார்கள். நம் அமைப்பில் இயற்பியல் படிப்பவர்கள் இருக்கிறார்கள். வடிவமைப்புத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். முன்னாள் மாணவர்களில் ஆசிரியர்களும் பொறியாளர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் இருக்கிறார்கள். மாதத்துக்கு ஒன்று, ஆண்டுக்குப் பன்னிரண்டு சுவரொட்டி. ஒவ்வொன்றிலும் ஐம்பது சொல்லுக்கு மேல் வேண்டாம். எழுதியதை நம் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் படித்துக் காட்டுவோம். அவருக்குப் புரியவில்லை என்றால் திருப்பி எழுதுவோம்.

இந்தச் சோதனையை நான் ஏற்கெனவே செய்துபார்த்துவிட்டேன். பாட்டி குளுவாங் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர். இருட்டிலேயே எழுந்து பெரட்டுக்குப் போன காலத்தில் விடிவெள்ளியைப் பார்த்து நேரம் தெரிந்துகொண்டவர். சென்ற ஜூலையில் ஓர் இரவு, எங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் உள்ள பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்துக்கு அவரை அழைத்துச் சென்றேன். சொல்ல வேண்டியதை முன்கூட்டியே தமிழில் எழுதித் தயார் செய்திருந்தேன். தெற்கே செந்நிறமாக நின்ற விண்மீனைக் காட்டி, "பாட்டி, அதுதான் உங்க நட்சத்திரம், கேட்டை. சூரியனைப் போல ஏறத்தாழ எழுநூறு மடங்கு அகலம். அதோட வெளிச்சம் இங்க வந்து சேர ஐந்நூறு வருஷத்துக்கு மேல ஆகுது" என்றேன். ராகு, கேது என்பவை நிலாவின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்களே என்பதையும், நிலாவின் பாதை ஐந்து பாகை சாய்ந்திருப்பதால்தான் மாதாமாதம் கிரகணம் வருவதில்லை என்பதையும் கை இரண்டையும் வளையமாக்கிக் காட்டினேன்.

பாட்டி வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இது எஸ்டேட்டுலயும் இருந்துச்சு தம்பி. தினம் பாத்திருக்கேன். இதுதான் என் நட்சத்திரம்னு யாரும் சொல்லலியே" என்றார்.

எண்பது வயதுக்கு மேல் ஒருவர் தம் நட்சத்திரத்தை அடையாளம் கண்டுகொண்டார். அடுத்த கங்கண கிரகணம் சிங்கப்பூருக்கு வருவது 2063இல். அன்று நம் பேரப்பிள்ளைகள் திரையை மூடாமல், கண்ணாடி அணிந்து கீழே இறங்கட்டும். என்ன நடக்கிறது என்பதைத் தமிழிலும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளட்டும். அதற்கான முதல் ஐம்பது சொற்களை எழுத நான் தயார். உடன் வர யார் தயார், நண்பர்களே?